நாளைக்கு மனையாகும் என்று சொல்லி விற்கிற கொல்லையை வாங்கும் முன்

வந்தவாசி பக்கம் முதல்முறை நிலம் பார்க்கப் போனபோது, கூட்டிப்போன தரகர் நிலத்தைச் சரியாகக் காட்டவே இல்லை. வரப்பில் நின்றுகொண்டு கையை நீட்டி, அதோ அந்தப் பனைமரத்துக்குப் பின்னால்தான் சார் ரயில் வருது, இந்தப் பக்கம் செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டை, அந்தப் பக்கம் மேல்மருவத்தூர் ரோடு, இன்னும் அஞ்சே வருஷம் என்றார். திண்டிவனம் – நகரி ரயில் பாதை 2006-07 ரயில்வே பட்ஜெட்டில் அறிவித்தது. அன்றிலிருந்து அந்தப் பாதையைக் காட்டி எத்தனை கொல்லை, அதாவது புன்செய் நிலம், கைமாறியிருக்கும் என்று கணக்கே கிடையாது. வந்தவாசிக்கு இன்னும் ரயில் வந்தபாடில்லை.

அதனால் முதல் பேச்சே விலைதான். எந்த ஊராக இருந்தாலும் சரி, அந்த நிலம் இன்றைக்கு விவசாய நிலமாக என்ன பெறுமோ அதை மட்டும் கொடுங்கள். வரப்போகிற ரோடு, வரப்போகிற கம்பெனி, வரப்போகிற விமான நிலையம் எல்லாம் வந்தால் உங்கள் லாபம். அதற்கு இப்போதே காசு கொடுத்துவிட்டால், வந்த பிறகு உங்களுக்கு என்ன மிச்சம்? தரகர் சென்ட் கணக்கில் விலை சொல்ல ஆரம்பித்தாலே உஷாராகுங்கள். நன்செய்க் கழனி, புன்செய்க் கொல்லையெல்லாம் ஏக்கர் கணக்கில் விற்கிற ஊரில் ஒருவர் சென்ட் விலை பேசுகிறார் என்றால், மனையின் விலைக்கு வயலை விற்கிறார் என்று அர்த்தம். பக்கத்துக் கிராமத்து டீக்கடையில் போன வருஷம் அங்கே ஏக்கர் என்ன விலைக்குப் போனது என்று கேளுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் அந்தச் சர்வே எண்ணின் வழிகாட்டு மதிப்பையும், அதாவது பதிவுக்காக அரசாங்கம் வைத்திருக்கிற விலையையும், பாருங்கள், அது சந்தை விலை இல்லைதான், ஆனால் பக்கத்துச் சர்வே எண்களோடு ஒப்பிட்டால் அரசாங்கமே எந்தப் பக்கத்தை ரோட்டோரம் என்றும் எந்தப் பக்கத்தை உள்ளடங்கியது என்றும் நினைக்கிறது என்பது தெரிந்துவிடும்.

சரி, விலை ஒத்துவருகிறது என்று வையுங்கள். அடுத்து என்ன பார்ப்பது? பெரும்பாலானவர்கள் தண்ணீரைப் பார்ப்பார்கள், அல்லது பத்திரத்தைப் பார்ப்பார்கள். நான் முதலில் வழியைப் பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் நான் அடிபட்டது அங்கேதான்.

2013இல் 1.80 ஏக்கர் கொல்லை வாங்கினேன். பத்திரம் சுத்தம், பட்டா சுத்தம், கிணறு இருக்கிறது, டிராக்டர் நேராக உள்ளே போகிறது. டிராக்டர் போன இடம் விற்றவருடைய சித்தப்பா நிலம் என்பது எனக்குத் தெரியாது. அவர்களுக்குள் உறவு, அதனால் போக வர யாரும் கேட்கவில்லை. நான் வெளியூர்க்காரன். அடுத்த வருஷமே அந்தச் சித்தப்பா கல்லுக்கால் நட்டு முள்கம்பி கட்டிவிட்டார். கேட்டால், என் நிலத்தில் நான் வேலி போடுகிறேன், உங்களுக்கென்ன தம்பி என்றார், நியாயமான கேள்விதான். கடைசியில் 220 அடி நீளம், 12 அடி அகலம், அதாவது 6 சென்ட், அதை அவரிடமே வாங்கினேன், சென்ட்டுக்கு நான் நிலம் வாங்கிய விலையைப்போல் மூன்று மடங்கு கொடுத்து. அந்த 12 அடியில் அறுவடை இயந்திரம் போகும், மனைப்பிரிவுக்கு அது போதாது. இன்றைக்கும் அங்கே மல்லாட்டைதான், அதாவது வேர்க்கடலைதான், போடுகிறேன்.

வழி இருக்கிறதா என்று நேரில் பார்த்துச் சொல்ல முடியாது. புலப்படம், நிலத்தின் எல்லைகளை அளந்து வரைந்த அரசாங்க வரைபடம், அதான் எஃப்.எம்.பி. என்று எல்லோரும் சொல்வது, அதைத் தமிழ்நாடு அரசின் இ-சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்து எடுத்துவிடலாம். அதில் உங்கள் சர்வே எண்ணைத் தொட்டுக்கொண்டு ஒரு சாலையோ வண்டிப்பாதையோ வருகிறதா பாருங்கள். வண்டிப்பாதைக்கென்று தனிச் சர்வே எண் இருக்கும், அந்த எண்ணைக் கிராமத்து அ பதிவேட்டில், அதாவது எந்தச் சர்வே எண் என்ன வகை நிலம் என்று எழுதியிருக்கும் கணக்கில், பார்த்தால் புறம்போக்கு என்று வகைப்பாடு போட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் அது உங்கள் காலத்துக்கும் இருக்கும். படத்தில் இல்லாமல் தரையில் மட்டும் இருக்கிற பாதை, யாரோ ஒருவருடைய நல்ல மனசு. அவர் மகன் காலத்தில் அது இருக்காது. இன்னொரு சங்கதி, ரோட்டுக்கும் உங்கள் நிலத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஓடை அல்லது வாய்க்கால் புறம்போக்கு இருந்தால், ரோட்டை ஒட்டிய நிலம் என்று சொல்லி விற்பார்கள். அந்த வாய்க்கால்மேல் பாலம் போட அனுமதி வாங்க வேண்டும். அது கிடைக்கிற வரை ரோடு கண்ணுக்குத் தெரியும், கால் வைக்க முடியாது.

தண்ணீர் விஷயத்தில் இல்லாததைவிட அதிகமாக வருவதுதான் எங்கள் பக்கம் பயம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் ஏரிக்குப் பஞ்சமே இல்லை, அதனால் ஏரி உள்வாய் நிலங்களும் நிறைய. உள்வாய் என்றால் கரைக்கு உள்பக்கம், ஏரி நிரம்பினால் தண்ணீர் ஏறி நிற்கிற இடம். பட்டா இருக்கும், கிஸ்தி என்கிற நிலவரி கட்டியிருப்பார்கள், மே மாதம் போய்ப் பார்த்தால் கட்டாந்தரையாகக் கிடக்கும், விலையும் மலிவு. ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பாருங்கள், முழங்கால் வரை தண்ணீர். அவசரப்படாமல் ஒரு வடகிழக்குப் பருவமழையைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள் என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை, அதற்குள் வேறு யாராவது வாங்கிவிடுவார்களாம். வாங்கட்டும்.

கிணறு இருந்தால் அதில் உங்களுக்கு எவ்வளவு பங்கு என்று பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும். நாலு அண்ணன் தம்பிக்குப் பொதுவான கிணற்றில் கால் பங்கு, மோட்டாரில் கால் பங்கு, முறை வைத்து இறைத்துக்கொள்வது என்றெல்லாம் இருக்கும். இலவச மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, அவர் உயிரோடு இருக்கிறாரா, பெயர் மாற்றத்துக்குக் கையெழுத்துப் போடுவாரா என்பதையும் கிரயத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். அப்புறம், அந்த இணைப்பு விவசாயத்துக்கு மட்டும்தான். அதை இழுத்து வீடு கட்ட ஆரம்பித்தால் அபராதம்.

இனி தாள். இங்கேதான் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும், பத்திரத்தில் ஏக்கர், சென்ட்டில் இருக்கும், ஊர்க்காரர் காணி கணக்கில் பேசுவார். ஒரு ஏர் 2.47 சென்ட். பட்டாவில் 0 – 73.00 என்று இருந்தால் 1 ஏக்கர் 80 சென்ட். ஒரு காணி என்பது 1 ஏக்கர் 32 சென்ட். தஞ்சாவூர்ப் பக்கம் போனால் மா கணக்கு, ஒரு மா 33 சென்ட், 20 மா ஒரு வேலி. இதைக் கைபேசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பேரம் பேசும்போது மனக்கணக்குப் போட்டு ஏமாறாதீர்கள். பத்திரத்தில் 2 ஏக்கர், பட்டாவில் 1.80 என்றால் 1.80க்குத்தான் பணம். தரையில் சர்வேயர் சங்கிலி பிடித்து அளந்தால் 1.74 வருகிறதா, அப்போது 1.74க்கு. அக்ரிமென்ட் போடும்போதே, அளந்து வரும் அளவுக்கு ஏக்கர் ஒன்றுக்கு இன்ன விலை என்று எழுதச் சொல்லுங்கள், மொத்த விலையாக எழுதாதீர்கள்.

பட்டா மட்டும் உரிமை ஆகாது. எண்பதுகளில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம், யு.டி.ஆர். என்று சொல்வார்கள், அதில் பட்டாக்களைப் புதுப்பித்தபோது பெயர்கள் மாறி விழுந்த கதை ஊருக்கு ஊர் உண்டு. அனுபவத்தில் ஒருவர், பட்டாவில் இன்னொருவர். அதனால் மூலப்பத்திரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு கைமாற்றமும் சங்கிலி போல் வருகிறதா என்று பாருங்கள், யு.டி.ஆருக்கு முந்திய பழைய அ பதிவேட்டு நகலையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். வில்லங்கச் சான்றை இணையத்திலேயே பார்க்கலாம், பெரும்பாலான சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975 முதல் கிடைக்கிறது, அதற்கு முந்தியது வேண்டுமென்றால் மனுப் போட்டுத் தேடச் சொல்ல வேண்டும். வில்லங்கச் சான்றில் பதிவு செய்யாத எதுவும் வராது என்பதை மறக்காதீர்கள். பதிவு செய்யாத குத்தகை வராது, பத்திரத்தை வைத்து வாங்கிய கைமாற்றுக் கடன் வராது, நீதிமன்றத்தில் கிடக்கிற வழக்கும் பல சமயம் வராது. குத்தகைக்காரர் விஷயம் லேசானதில்லை. 1955ஆம் வருஷத்துச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, நிலத்தில் உழுதுகொண்டிருப்பவரிடம் நேரில் போய், ஐயா நீங்கள் யாருக்கு உழுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அசல் பத்திரம் விற்பவர் கையில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். தொலைந்துவிட்டது என்றால் அது தொலைந்த கதையை நன்றாக விசாரியுங்கள்.

வாரிசு. இதில்தான் பாதி வழக்குகள். அப்பா சொத்தை மூன்று பையன்கள் சேர்ந்து விற்கிறார்கள், எல்லாம் பேசி முடிந்துவிட்டது என்பார்கள். பெண்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் 1989லேயே பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு வந்தது, அதற்கு முன் கல்யாணமானவர்களுக்கு இல்லை என்று ஒரு நிபந்தனையோடு. பிறகு 2005இல் மத்தியச் சட்டத்திருத்தம் வந்து, 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை, அப்பா 2005இல் உயிரோடு இருந்தாரா என்பது கணக்கே இல்லை என்று சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாகப் பாகம் பிரிந்தோ விற்றோ முடிந்தவை மட்டும் தப்பும். ஆகவே அக்காவுக்குக் கல்யாணத்தில் நாற்பது பவுன் போட்டாச்சு சார், அவங்க கேட்கமாட்டாங்க என்ற பேச்சை நம்பாதீர்கள். அவர் கேட்காவிட்டால் அவர் பிள்ளை கேட்பான். எல்லோரும் கையெழுத்துப் போடட்டும், அல்லது பதிவு செய்த விடுதலைப் பத்திரம் கொடுக்கட்டும். மைனர் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி வேண்டும், அது இல்லாமல் பாதுகாவலராக அம்மா போட்ட கையெழுத்து அந்தப் பிள்ளை வளர்ந்ததும் ஆட்டம் காணும்.

பொது அதிகாரப் பத்திரம் வைத்துக்கொண்டு விற்கிறவரிடம் வாங்கினால், அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நீங்களே போய்ப் பாருங்கள். உயிர்வாழ்வுச் சான்று கேட்பது பதிவு அலுவலகத்து நடைமுறைதான், இருந்தாலும் நேரில் போவது வேறு.

பட்டா நிலம்போலவே தோன்றும், ஆனால் தொடவே கூடாத நிலங்கள் சில. பஞ்சமி நிலம், 1892இல் பட்டியல் சமூகத்தாருக்கு ஒதுக்கியது, அந்தச் சமூகத்தைச் சேராதவர் வாங்கினால் செல்லாது, எத்தனை கை மாறியிருந்தாலும் செல்லாது. பழைய அ பதிவேட்டில் குறிப்புக் கலத்தைப் பார்த்தால் தெரியும். கோயில் நிலம், வக்பு நிலம், பூமிதான நிலம், அரசாங்கம் நிபந்தனையோடு கொடுத்த ஒப்படைப் பட்டா, அனாதீனம், அதாவது உரிமையாளர் இல்லாத நிலம், என்று எழுதியிருப்பது, இவை எல்லாம் அதே மாதிரி. கோயம்புத்தூர், தேனி பக்கம் மலையடிவாரத்தில் வாங்குகிறீர்கள் என்றால், அந்தக் கிராமம் மலையிடப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் கட்டடத்துக்குத் தனி அனுமதி. மேற்கு மாவட்டங்களில் எரிவாயுக் குழாய் போகிற சர்வே எண்களா என்றும் பாருங்கள், குழாய் போகிற பட்டையில் நிலம் உங்களுடையதாகவே இருக்கும், கட்ட மட்டும் முடியாது. தலைக்குமேல் உயர் அழுத்த மின்கம்பி போனாலும் அதே கதிதான்.

இப்போது மனையாகுமா என்ற கேள்விக்கு வருவோம். விவசாய நிலத்தை நாமே கோடு கிழித்து மனை போட்டு விற்ற காலம் போய்விட்டது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது, அதன்பின் 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகளுக்கு மட்டும் வரன்முறைத் திட்டம் வந்தது. இனி புதிதாகப் பிரித்தால் டி.டி.சி.பி. என்கிற நகர் ஊரமைப்பு இயக்ககம் அல்லது சி.எம்.டி.ஏ. என்கிற சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் அங்கீகாரம் இல்லாமல் வேலை நடக்காது. அந்தக் கிராமம் ஏதாவது திட்டப் பகுதிக்குள் வருகிறதா, வந்தால் முழுமைத் திட்டத்தில் அந்தச் சர்வே எண் எந்த மண்டலத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். விவசாய மண்டலம் என்றால் நில வகைப்பாடு மாற்றம் கேட்க வேண்டும். திட்டப் பகுதிக்கு வெளியே என்றால் 2017ஆம் ஆண்டு விதிகளின்படி விண்ணப்பம். புன்செய் என்றால் ஓரளவு சுலபம், நன்செய் என்றால் வேளாண்மைத் துறை, மாவட்ட ஆட்சியர் என்று கருத்துக் கேட்பு நீளும். ஆகவே மனை என்ற கனவோடு வாங்குகிறவர்கள் கழனியை விட்டுவிட்டுக் கொல்லையைப் பாருங்கள். பயிர் விளைகிற கழனியில் கல் நடுவது எனக்கும் பிடிக்காது, அது வேறு விஷயம். காவிரி டெல்டாவில் 2020ஆம் வருஷம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்து சில பெரிய தொழில்களைத் தடுத்திருக்கிறது, அங்கே தொழிற்சாலை வரும் என்று சொல்லி விற்கிறவரிடம் இதைக் கேளுங்கள்.

கணக்கும் போட்டுப் பார்த்துவிடுங்கள். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. சாலைக்குப் போகும், பெரிய மனைப்பிரிவு என்றால் பூங்காவுக்குப் பத்தில் ஒரு பங்கு போகும், மிச்சம் விற்கக் கிடைப்பது ஏறக்குறைய அறுபது சதவீதம் என்று வைத்துக்கொண்டால்தான் கையைக் கடிக்காது. அங்கீகாரச் செலவு, சாலை போடுகிற செலவு, வட்டி எல்லாம் அதிலிருந்துதான். தனியாக ஒரு ஏக்கர் வைத்துக்கொண்டு லேஅவுட் கனவு காண்பதைவிட, நாளைக்குப் பக்கத்து நிலத்துக்காரரோடு சேர்ந்தால் ரோடு கிடைக்குமா என்று பார்த்து வாங்குவது புத்திசாலித்தனம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வளர்ச்சி வருகிறது என்றால் உங்கள் நிலத்தின் பக்கத்தில்தான் வரும் என்று யார் சொன்னது? நிலத்தின்மேலேயே வரலாம். பரந்தூர் விமான நிலையம் 2022 ஆகஸ்டில் அறிவிப்பு, ஏகனாபுரம் மக்கள் அன்றிலிருந்து போராடுகிறார்கள். செய்யாறு சிப்காட் விரிவாக்கத்துக்கு மேல்மா சுற்றியுள்ள கிராமங்களில் 3,000 ஏக்கருக்கு மேல் எடுக்கப் போய் 2023இல் பெரிய போராட்டமே நடந்தது. அரசின் நில எடுப்புக்குள் வந்துவிட்டால் இழப்பீடு வழிகாட்டு மதிப்பையும் பதிவான கிரயங்களையும் ஒட்டித்தான் கணக்காகும், தரகர் சொன்ன விலையை அரசாங்கம் கேட்காது. நிலத்தைப் பேசும்போதே அந்தக் கிராமத்தில் எடுப்பு அறிவிக்கை ஏதாவது வந்திருக்கிறதா என்று வி.ஏ.ஓ. அலுவலகத்திலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் கேளுங்கள். ஊரே அவசர அவசரமாக விற்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கும்.

பண்ணை நிலம் என்ற பெயரில் 10 சென்ட், 20 சென்ட்டாக, கேட் போட்டு, நாலு மாங்கன்று நட்டு, செம்மரம் பதினைந்து வருஷத்தில் கோடி தரும் என்று விற்கிறார்களே, அதைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. தொண்ணூறுகளில் தேக்கு என்று இதே கதை ஓடியது. உங்கள் பெயரில் தனி உட்பிரிவு வருமா, அல்லது பெரிய சர்வே எண்ணில் பிரிபடாத பாகமா, உள்ளே இருக்கிற பாதை யார் பெயரில் என்ற மூன்றையும் கேளுங்கள், போதும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் விவசாயியாக இல்லாதவரும் விவசாய நிலம் வாங்கலாம், ஆனால் என்.ஆர்.ஐ., ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கிற வெளிநாட்டுக் குடிமக்கள் வாங்கக் கூடாது, அன்னியச் செலாவணிச் சட்டம் தடுக்கிறது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். துபாயில் இருந்துகொண்டு அப்பா பெயரில் வாங்குகிறவர்கள், பிறகு அண்ணன் தம்பிக்குப் பங்கு உண்டு என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

எல்லாம் சரியாக வந்தால் கிரயம். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9. பாதி வெள்ளை பாதி கறுப்பு என்று விற்பவர் கேட்பார். ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ வாங்கினால் வருமான வரியில் அபராதம் அவருக்குத்தான் என்று எடுத்துச் சொல்லுங்கள். உண்மையான கிராமத்து விவசாய நிலம், அதாவது நகர எல்லையிலிருந்து ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்து 2, 6, 8 கிலோமீட்டருக்கு அப்பால் நேர்க்கோட்டில் இருந்தால், விற்கிற லாபத்துக்கு மூலதன ஆதாய வரியே கிடையாது, அதனால் வெள்ளையாக வாங்குவதில் அவருக்கும் நஷ்டமில்லை. இதைச் சொன்னதும் இறங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நாளைக்கு நீங்கள் விற்கும்போதும் முழு விலை எழுதிய பத்திரம்தான் கைகொடுக்கும்.

பத்திரத்தில் செக்குபந்தி எழுதும்போது வடக்கே யார் நிலம், தெற்கே யார் நிலம் என்பதோடு பாதை எந்தச் சர்வே எண்ணில் எத்தனை அடி அகலத்தில் வருகிறது என்றும் எழுதச் சொல்லுங்கள், மாமூல் வழி, அதாவது வழக்கமாகப் போகிற வழி, என்று ஒற்றைச் சொல்லில் முடிக்க விடாதீர்கள். என் பத்திரத்தில் மாமூல் வழி நடைபாத்தியம் உட்பட என்றுதான் இருந்தது. எந்த மாமூல், எந்த வழி என்று சித்தப்பாவிடம் காட்ட ஒன்றுமே இல்லை.

பதிவு முடிந்த கையோடு பட்டா மாற்றத்துக்கு மனுப் போடுங்கள். முழுச் சர்வே எண்ணையும் வாங்கியிருந்தால் சுலபம், பகுதி வாங்கியிருந்தால் சர்வேயர் வந்து உட்பிரிவு செய்ய வேண்டும், கூட்டுப் பட்டாவில் பெயர் சேர்த்தது போதும் என்று விட்டுவிடாதீர்கள். அளக்கிற அன்று நான்கு பக்கத்து நிலத்துக்காரர்களையும் வரச்சொல்லி, அவர்கள் கண்முன்னே கல் நடுங்கள், டீ, வடை செலவு உங்களுடையது. நிலத்தைச் சும்மா போடாமல் யாரையாவது வைத்து வருஷத்துக்கு ஒரு பயிராவது எடுங்கள், அடங்கல் என்கிற கிராமப் பயிர்க் கணக்கில் உங்கள் பெயரும் பயிரும் ஏறட்டும், கிஸ்தி ரசீதை வாங்கி வையுங்கள். கல் பிடுங்கப்படுவது பெரும்பாலும் ஏர் ஓட்டுகிற சமயத்தில்தான், ஆடி மாதம் ஒருமுறை போய் எண்ணிப் பார்த்துவிட்டு வாருங்கள்.